மூன்று முறை முக்கிய சாம்பல்

1

இந்தக் கதை என் வீட்டு ரோஜாத் தொட்டியில் தொடங்கியது. எங்கள் ஊர் பாடாங் செராய் கடையில் உரக்குருணை ஒரு பொட்டலம் வாங்கினேன். ஆறு மாதம் மெல்ல மெல்லக் கரையுமாம். ஒன்றை பிளேடால் பிளந்தேன். உள்ளே உப்பு, வெளியே மெல்லிய தோல். ஈரம் தோல் வழியே உள்ளே போகிறது, உப்பு கரைந்து வெளியே கசிகிறது. என்ன அழகு! மனைவியிடம் விளக்கினேன். எழுந்து போய்விட்டார். நீங்களாவது உட்காருங்கள்.

2

முதல் தொடக்கம்: "1943. மலாயாவின் கெடா தோட்டங்களின் மேல் கருமேகம் சூழ்ந்து, காலம் தன் கொடிய..."

[வேண்டாம். என் கதாநாயகன் அய்யாவு அவசரத்தில் இருக்கிறான்.]

இரண்டாவது: குரூண் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அய்யாவு என்பவனின் பெயர், ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போட ஆள் அனுப்பும் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்கு முன் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. பயத்தில் அவன் ஜப்பான் அதிகாரியிடம் அளந்துவிட்டான்: "மரவள்ளிய தொடைத் தண்டிக்கு வெளைய வைக்கிறேங்க!" தோட்டத்து எழுத்தர் பரஞ்சோதி கிராணி அதை மொழிபெயர்த்தார். அதிகாரி ஒன்பது மாதம் கொடுத்தார். கிழங்கு பெருக்காவிட்டால் சயாம்.

3

இனி சாம்பல். (தாண்டிப் போகாதீர்கள். எனக்குப் பிடித்த இடமே இதுதான்.)

நிலக்கரி கிடைக்காமல் ரயில் என்ஜின்கள் விறகு தின்ற காலம். ஸ்டேஷன் பக்கம் சாம்பல் குன்றாகக் கிடந்தது. கிழங்குக்கு வேண்டிய பொட்டாஷ் அதில் உண்டு. ஆனால் இரண்டு மழையில் கரைந்து ஓடிவிடும். அய்யாவு சாம்பலை உருண்டை பிடித்து, விலைபோகாத ரப்பர் பாலில் முக்கி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டில் காயவைத்து, மரவள்ளிச் செடியடியில் புதைத்தான்.

ஒருமுறை முக்கியிருந்தால் போதும். மூன்று முறை முக்கினான். [திட்டாதீர்கள். வாளியில் ஒரு சொட்டுப் பாலை மிச்சம் விட்டாலும் ஏச்சு வாங்கிப் பழகிய கை அது.]

4

தோல் தடித்ததில் சாம்பல் கசியவே இல்லை; இரண்டு மாதத்தில் இலை மஞ்சளானது. அவன் மனைவி மருதம்மாள் ஓர் உருண்டையைத் தோண்டி எடுத்துக் கல்லில் அடித்தாள். அது துள்ளி, வேடிக்கை பார்க்க வந்த கிராணியின் தொப்பியைத் தட்டிவிட்டது.*

"உரம் போட்டியா, பந்து நட்டியா?"

"மெதுவாத்தான் புள்ள கரையணும்."

"இது கரையறதுக்குள்ள நீ சயாமுல கரைஞ்சிருவ!"

[இந்த இடத்தில் மருதம்மாளை அழவைத்திருந்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பால் வெட்டும் கத்தியை எடுத்தாள்.]

"மரத்துல பால எப்படி எறக்குற? அதே மாதிரி இதுலயும் எறக்கு. சாய்வா ஒரு கோடு. ஆழமா வெட்டாத, மொத்தமும் கொட்டிரும்."

அன்றிலிருந்து இருவரும் மரவள்ளிக் காட்டில் குந்தி உருண்டைகளைத் தோண்டி எடுத்து, கோடு போட்டு, திரும்பப் புதைத்தார்கள். தொப்பியைத் துடைத்தபடி கிராணி கேட்டார்: "டேய் அய்யாவு, பால் பிடிக்க மங்கு வைக்கலியா லா?"

ஒரு மாதத்தில் இலை பச்சையானது.

* சாம்பல் உருண்டை அவ்வளவு துள்ளுமா? செய்து பார்த்தேன். முழங்கால்வரை துள்ளியது. மீதி உயரம் நான் கொடுத்தது.

5

ஒன்பதாம் மாதம். அதிகாரி நிற்கிறார். கிராணியின் கையில் பட்டியல்.

முடிவு ஒன்று: தொடைத் தண்டிக்குக் கிழங்கு, அதிகாரி அய்யாவுவைக் கட்டிப் பிடித்து... [நானே நம்பவில்லை.]

முடிவு இரண்டு: கிழங்கு விரல் தண்டிக்குத்தான் இருந்தது. லாரி ஏறும்போது அய்யாவு திரும்பி...

[முடியாது.]

இலை பச்சையானது எனக்குத் தெரியும். உப்பு எப்படிக் கசியும் என்று இன்னும் ஒரு மணி நேரம்கூடச் சொல்வேன். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அய்யாவு மண்வெட்டியை உங்களிடம் நீட்டுகிறான்.

வாங்கிக்கொள்ளுங்கள். மருதம்மாள் உங்கள் பக்கத்திலேயே வந்து குந்துகிறாள்.

"பாத்துங்க," என்கிறாள். "ஆழமா வெட்டிராதீங்க."