அண்ணியின் பெட்டியில் தினமும் மார்ச் பன்னிரண்டு

1

இந்தக் கதை நேற்று, செவ்வாய்க்கிழமை, போனில் பிறந்தது. ஒரு அண்ணி தன் கொழுந்தனிடம் சொன்னார்: "எனக்கு மறதி முத்திப்போச்சுப்பா. இந்த டிசைன் போடுற வேலையெல்லாம் இனிமே ஒத்து வராது. வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெரு டெய்லர் வந்து கம்ப்யூட்டர், எம்பிராய்டரி மெஷின் ரெண்டையும் எடுத்துக்கிறேன்னுட்டார்."

அண்ணிக்கு மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இது உலகத்தில் அந்தக் கொழுந்தன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் கதை.

உனக்கு யார் சொன்னது என்று என்னைக் கேட்காதீர்கள். நண்பன் ஒருவன் சொன்னான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

(அதிகாலையில் கடையின் ஷட்டர் கிரீச்சென்று திறந்தபோது, வானம் ஒரு)

வேண்டாம். ஷட்டர் திறந்து ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.

(நினைவு என்பது யாது? மறதியின் மறுபக்கமா, அல்லது)

ஐயய்யோ. நாலு வரி போனால் எனக்கே தூக்கம் வந்துவிடும். பேசாமல் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணியின் கடையில் "பெட்டி" என்றால் அந்தக் கணினிதான். பின்பக்கம் பருத்த மானிட்டர், மஞ்சளாகிப்போன விசைப்பலகை, உள்ளே விண்டோஸ் 98. துணியில் பூவும் பேரும் தைக்கிற எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் இதிலிருந்துதான் போயாக வேண்டும். டிசைன் மென்பொருளை எழுதிய கம்பெனி எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மென்பொருளில் ஒரு கோளாறு மட்டும் நிலைத்துவிட்டது: 2010க்குப் பிந்தைய தேதியைக் கண்டால் அது வேலை செய்யாது.

அண்ணி இதற்கு யாரையும் கேட்காமல் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். கணினிக்குள் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். இந்தப் பெட்டியில் அது செத்துப் பல காலம் ஆகிறது. அதனால் தினமும் காலையில் பெட்டியைப் போட்டதும் கறுப்புத் திரையில் அப்படியே நின்று, "இன்றைக்கு என்ன தேதி?" என்று கேட்கும். அண்ணி தினமும் ஒரே பதிலைச் சொல்வார்: 12 மார்ச் 2001. மென்பொருள் வாங்கிய நாள். வெளியே புதனோ சனியோ, பெட்டிக்குள் என்றைக்கும் அதே திங்கட்கிழமை. பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே நடந்தது. பெட்டி கேட்கும், அண்ணி சொல்வார், மெஷின் தைக்கும். ஒரு வம்பு தும்பு கிடையாது.

அப்புறம்தான் கொழுந்தன் லீவில் வந்தான்.*

* கொழுந்தனைப் பற்றி: வயது நாற்பத்தி நாலு. அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற உத்தியோகம். அடுத்தவர் செய்த பிழை என்றால் ஒரு மைல் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிப்பான்.

3

இது நடந்து மூன்று வருஷமாகிறது. அன்று மாலை ஐந்து மணிக்கு நீச்சல் பயிற்சியாளர் வந்து இருபத்தாறு துண்டுகளை வாங்கிப் போக வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பிள்ளையின் பெயர். அந்தக் குழு முதல்முறையாக வெளியூர்ப் போட்டிக்குப் போகிறது, ஆறு மணிக்கு பஸ்.

காலையில் அண்ணி நூல் வாங்கப் போயிருந்தார். கொழுந்தன் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அண்ணிக்கு ஏதாவது நல்லது செய்யணும் என்று அவனுக்கு ஒரே துடிப்பு. பெட்டியைத் திறந்தான், செத்த பேட்டரியை எடுத்தான், புதுசு போட்டான், அன்றைய சரியான தேதியைப் பதித்தான். தேதி தப்பாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு

(எனக்கு இல்லை. அவனுக்கு.)

அவனுக்குக் கை பரபரக்கும், தொழில் அப்படி. பெட்டியை அணைத்துவிட்டுக் கடைக்குப் பின்னாலிருக்கிற வீட்டுக்குக் குளிக்கப் போய்விட்டான். சொல்லாமல் செய்துவிட்டு, அண்ணி கண்டுபிடித்துப் பாராட்டட்டும் என்று ஒரு நப்பாசை.

அண்ணி வந்தார், பெட்டியைப் போட்டார். புது பேட்டரி இருப்பதால் கறுப்புத் திரை வரவில்லை, தேதியும் கேட்கவில்லை. அண்ணியின் கவனம் முழுக்க இருபத்தாறு பேரின் எழுத்துப்பிழை மேல். நேராக மென்பொருளைத் திறந்தார். அது "தேதி செல்லாது" என்று சொல்லி மூடிக்கொண்டது. அவர் பதறிப்போய் தேதியை மார்ச் பன்னிரண்டுக்கு மாற்றினார். அப்போதும் திறக்கவில்லை. கடைசியாகத் திறந்த நாளை அது குறித்து வைத்திருந்தது, அதற்கு முந்தைய நாளுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அடக் கடவுளே, தேதி போடாமயே என்டரைத் தட்டி உள்ள போயிட்டேனே!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, கொஞ்சம் ஓடி வாப்பா!"

ஈரத் தலையோடு ஓடி வந்தான் கொழுந்தன். ஒரே பார்வையில் அவனுக்கு விளங்கிவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? "பாக்கலாம் அண்ணி, ஒண்ணும் இருக்காது" என்றான்.

4

இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். அப்போதே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? "அண்ணி, நான்தான் பேட்டரியை மாத்தினேன்." மொத்தம் நாலு வார்த்தை. ஒரு நல்ல ஆசிரியர் இதற்கு உளவியல் காரணம் கொடுப்பார். என்னிடம் இருப்பது ஒரே காரணம்: வெட்கமாக இருந்தது. சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நினைத்தான்.

ப்ச், விடுங்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாகப் போய்விட்டது. நண்பனும் கிடையாது, ஒருத்தனும் கிடையாது. அந்தக் கொழுந்தன் நான்தான். ஆனாலும் 'அவன்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன், 'நான்' போட்டால் கை நின்றுவிடுகிறது.

5

காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை அவன் செய்தவை: 'சேஃப் மோட்' என்கிற பாதுகாப்பு முறையில் பெட்டியைத் தொடங்கிப் பார்த்தான். கேபிளைப் பிடுங்கிச் செருகினான். மென்பொருளை மறுபடி பதிக்கலாம் என்று ஐந்து ஃப்ளாப்பி தட்டுகளைத் தேடி எடுத்தான். மூன்றாவது தட்டைப் பெட்டி படிக்கவில்லை. அதைத் துடைத்தான், ஊதினான், கெஞ்சினான். அண்ணி பக்கத்திலேயே நின்று, "என் தப்புக்கு நீ கஷ்டப்படுறியேப்பா" என்று மோர் கொடுத்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி தட்டை ஊதினான்.

இரண்டு மணிக்குத்தான் மூளை வேலை செய்தது. இந்தப் பெட்டியில் இத்தனை வருஷமாகச் சேமித்த எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி. அப்படியானால் நிஜமான இன்றைய தேதி எந்தக் கோப்பில் இருக்கிறது? அந்த மென்பொருளின் கோப்புகளுக்குள் பெட்டியைத் தேடச் சொன்னான். ஒன்றே ஒன்று வந்தது, மென்பொருளின் அமைப்புக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் பதினோரு வரி. கடைசி வரியில் 'கடைசியாகத் திறந்த நாள்'. அதை மார்ச் பன்னிரண்டாக மாற்றிச் சேமித்தான். மென்பொருளைத் திறந்தான், பச்சைப்பிள்ளை மாதிரி திறந்துகொண்டது!

"திறந்துடுச்சு! திறந்துடுச்சு!" என்று அண்ணி கத்திய கத்தலில் எதிர்க் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

துண்டுக்கு ஆறு நிமிஷம். பயிற்சியாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மெஷின் இருபத்தாறாவது பெயரில் கடைசி எழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தது. "எல்லாம் என் கொழுந்தன் புண்ணியம். நான் கெடுத்து வச்சிருந்தேன், அவன்தான் காப்பாத்தினான்" என்றார் அண்ணி. எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்து அவன் செய்ததை எழுதவே எனக்குக் கூசுகிறது. எல்லோரும் போன பிறகு புது பேட்டரியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, செத்த பேட்டரியைத் திரும்பப் பொருத்தினான். மறுநாள் காலை பெட்டி வழக்கம்போல் நின்று தேதி கேட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

6

அன்று முதல் அண்ணி தன்னை நம்புவதை விட்டுவிட்டார். மானிட்டரில் 'தேதி!!' என்று காகிதம் ஒட்டினார். சாவி கிடைக்காவிட்டால், "அன்னைக்குத் தேதி போட மறந்தப்பவே தெரிஞ்சுதே" என்பார். நமக்கெல்லாம் தினமும் சாவி காணாமல் போகிறது, நாமா கடையை மூடுகிறோம்? மூன்று வருஷமாக ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அந்த ஒரு நாளைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். அந்தச் சாட்சி பொய்ச் சாட்சி.

7

முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு: கொழுந்தன் போன் போட்டு உண்மையைச் சொல்கிறான். நேற்றிலிருந்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். எடுத்ததுமே, "என் தங்கமே, துண்டைக் காப்பாத்தின ராசா" என்கிறார். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

இரண்டாவது முடிவு: அண்ணிக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், பெருந்தன்மையாகச் சும்மா இருந்தார். வாசகர்களுக்கு இது பிடிக்கும், எனக்கும் சௌகரியம். ஆனால் தெரிந்திருந்தால் எதற்கு வெள்ளிக்கிழமை மெஷினைக் கொடுக்கிறார்? செல்லாது, அடித்துவிட்டேன்.

மூன்றாவது முடிவு: (பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு மழை நாளில்)

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. மழைக்கெல்லாம் காத்திருக்க முடியாது.

8

நான் எதை எழுதினாலும் அண்ணி பென்சிலோடு உட்கார்ந்து படிப்பார், ஒற்றுப் பிழை விட்டு வைக்க மாட்டார். இதை அச்செடுத்துக்கொண்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். மற்ற வாசகர்கள் கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இனி வருவது ஒரே ஒருவருக்கு.

அண்ணி, உங்களுக்கு மறதி இல்லை. அன்றைக்குப் பெட்டி உங்களைத் தேதி கேட்கவே இல்லை. கேட்கவிடாமல் செய்தவன் நான். அப்புறம் அதை மறைத்தவனும் நான். உங்களை மூன்று வருஷம் உங்கள் மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

இந்தக் கதையை முடிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. டெய்லருக்கு என்ன பதில், எனக்கு என்ன தண்டனை, இரண்டையும் நீங்களே எழுதுங்கள். கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். டெய்லருக்கு ஒரு வரி போதும். என்னைத் திட்ட இடம் பத்தாவிட்டால், பின்பக்கமும் காலிதான்.