விழாமல் பிடித்த கை

பெண்கள் கூடைப்பந்து அரையிறுதியில் பதினெட்டு நொடி பாக்கி. ஆஸ்பத்திரி அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து தபால் ஆபீஸ் அணியிடம். இந்த நிலைமையில் தோற்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பது டிக்கெட் கிழிப்பவருக்குக்கூடத் தெரியும். எதிராளியைத் தடுத்து ஃபவுல் வாங்குவார்கள். கடிகாரம் நிற்கும். எதிராளிக்கு இரண்டு இலவச வீச்சு கிடைக்கும். கடைசி வீச்சு தவறினால் பந்தைப் பாய்ந்து எடுக்கலாம். அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஒரே நிபந்தனை, கை பந்தைத் தேடிப் போயிருக்க வேண்டும். ஆளைத் தேடிப் போயிருந்தால் அது வேண்டுமென்றே செய்த ஃபவுல். வீச்சும் அவர்களுக்கு, அதற்குப் பிறகு பந்தும் அவர்களுக்கே.

வேண்டுமென்றே. அந்தச் சொல்தான் விசில் ஊத வந்த ஆறு வருடமாக நடுவருக்குத் தொண்டையில் முள். அன்று காலைகூட அவளுடைய அக்கா போனில், "நீ வேணும்னேதான் வீட்டுக்கு வராம இருக்கே" என்று பிடித்துக்கொண்டாள். "ஐயோ, மேட்ச் இருக்குக்கா" என்று இவள் சத்தியம் பண்ணாத குறை. மேட்ச் இருந்தது உண்மை. அதை இவளே கேட்டு வாங்கியதும் உண்மை. அடுத்தவள் மனசுக்குள் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று விசிலைத் தொடும்போதெல்லாம் தோன்றும்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரேக்காரி, தபால்காரியின் மணிக்கட்டில் பளாரென்று ஒன்று வைத்திருந்தாள். ஆனால் கை பந்துக்குத்தான் போனது. சாதாரண ஃபவுல்.

இப்போது அதே தபால்காரி பந்தைத் தட்டிக்கொண்டு கோட்டோரமாகப் பறந்தாள். பின்னால் வார்டு நர்ஸ். எட்டவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் தப்பிவிடுவாள், அவ்வளவுதான்.

"சாரிம்மா."

நடுவர் காதில் விழுந்தது. சொல் முதலில், கை பிறகு. நர்ஸ் இரண்டு கைகளாலும் தபால்காரியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். ஓடிய வேகத்துக்கு அவள் முகம் தரையில் மோதியிருக்க வேண்டும். நர்ஸ் குதிகாலை ஊன்றி, கட்டிலிலிருந்து இறங்கும் நோயாளியைத் தாங்குவதுபோல் நிமிர்த்தி நிறுத்தினாள்.

விசில் அடித்துவிட்டு நடுவர் ஒரு கணம் நின்றாள். பந்துப் பக்கம் பேருக்கு ஒரு கையை வீசியிருக்கக் கூடாதா இந்தப் பெண்? பிறகு வேண்டுமென்றே செய்த ஃபவுல் என்று காட்ட இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்தினாள்.

ஆஸ்பத்திரிக் கோச் குதித்தார். "மேடம்! பளார்னு அடிச்சதுக்கு சாதா ஃபவுல், குழந்தை மாதிரி தாங்கிப் புடிச்சதுக்கு இதா? எந்த ஊரு நியாயம் மேடம் இது?"

"அவங்க புடிக்கலேன்னா என் பல்லெல்லாம் இங்க கிடந்திருக்கும்" என்றாள் தபால்காரி.

"வாயை மூடுடி. நமக்குத்தான் குடுத்திருக்காங்க" என்று அவளுடைய கேப்டன் தோளைக் கிள்ளினாள்.

எல்லாரும் மீசை என்று கூப்பிடும் இன்னொரு நடுவர் பக்கத்தில் வந்தார். "மாத்தணுமா? சொல்லுங்க, நானும் சேர்ந்துக்கறேன்."

மாற்றலாம். மனசும் அதைத்தான் கேட்டது. "அவங்க பந்தைப் பார்க்கவே இல்ல சார்."

"அப்ப முடிஞ்சுது."

முதல் வீச்சு விழுந்தது. இரண்டாவது வளையத்தில் பட்டுத் தெறித்தது. சாதாரண ஃபவுலாக இருந்திருந்தால் பத்துப் பேரும் அதற்காக முட்டி மோதியிருப்பார்கள். இப்போது பந்து காலியான கூடைக்கடியில் தானே குதித்து அடங்கியது. மிச்ச நொடிகளைத் தபால் அணி பந்தைக் கைமாற்றியே தீர்த்தது. இறுதிப் போட்டிக்கு அவர்கள் போனார்கள்.

நர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நடுவர் தாண்டிப் போயிருக்கலாம், கால் நின்றுவிட்டது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? நான் எப்படிப் பண்ணியிருக்கணும்?"

"பந்துப் பக்கம் கை போயிருக்கணும்."

"எட்டாதுன்னு தெரிஞ்சாலுமா?"

"தெரிஞ்சாலும்." சொல்லும்போதே நடுவருக்குக் கூசியது.

"அப்படி ஓடறப்போ கையை வீசினா அந்தப் பொண்ணு குப்புற விழுந்திருக்குமே."

பந்துக்குக் கை வீசி அந்தப் பெண் விழுந்திருந்தால் நடுவரின் கை உயர்ந்திருக்காது. அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்லச் சிரித்தாள். "எனக்கு அது வராது மேடம். அடுத்த தடவையும் புடிச்சுத்தான் தொலைப்பேன். நீங்க கையைத் தூக்கிடுங்க, என்ன?"