கூட்டி எழுதிய ஒரு வயது

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று டைலர் காட்டிய கெட்டிக்காரத்தனம், பதின்மூன்று வருடம் கழித்து வக்கீலம்மாவின் மேஜைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"உங்க மனைவிக்கும் பையனுக்கும் விசா வந்துடும். பொண்ணுக்குத்தான் வராது" என்றார் வக்கீலம்மா. "பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களைத்தான் அகதிங்க கூப்பிட்டுக்க முடியும். அவளுக்குப் போன மாசமே பதினெட்டு முடிஞ்சிருச்சு. உங்களுக்கு அகதி அந்தஸ்து கிடைச்சதே இந்த மாசம்தானே."

டைலர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அம்மா, அவளுக்குப் பதினேழுதாம்மா முடிஞ்சிருக்கு."

"பாஸ்போர்ட்ல பதினெட்டுன்னு இருக்கே?"

"அது பள்ளிக்கூடத்துக்காகப் போட்டதும்மா" என்று மென்று விழுங்கினார்.

அது ஒன்றும் பெரிய கதையில்லை. ஐந்து வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. மகளுக்கு நாலுதான் முடிந்திருந்தது, ஆனால் கடைப் பலகையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிற வாயாடி. "பிறந்த தேதியை ஒரு வருஷம் முன்னாடி போட்டுக்கலாமா?" என்று தலைமையாசிரியர்தான் கேட்டார். டைலர் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினார். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டு பிறந்தநாள், வீட்டுக்கு ஒன்று, சர்க்காருக்கு ஒன்று. அந்தத் தேதியை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்கினார்கள், சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட். பொய் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

"நிஜத் தேதிக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"தடுப்பூசி அட்டை இருக்கும்மா, ஆஸ்பத்திரி முத்திரையோட. வீட்டுக்காரி பத்திரமா வெச்சிருக்கா."

"கொடுக்கலாம். ஆனா நல்லா யோசிச்சுக்குங்க. உங்க விசாரணையில அந்தப் பொய்த் தேதியை நீங்களே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது பொய்னா மத்ததும் பொய்யோன்னு உங்க ஃபைலையே திரும்பத் திறப்பாங்க. உங்க அந்தஸ்து போச்சுன்னா, அந்த மூணு பேர்ல ஒருத்தர்கூட வர முடியாது."

அந்த ஃபைலில்தான் டைலரின் உயிர் இருந்தது. ஓர் ஊர்வலத்துக்குக் கொடி தைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அதற்குப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்து, நாட்டை விட்டுத் தப்பியோடி நாலு வருடமாகிறது. அதில் மூன்று வருடம், அவர் சொன்னது நிஜம் என்று இந்த ஊர் ஒத்துக்கொள்வதற்கே போயிற்று.

மறுநாள் தையல் ஃபாக்டரியில் கை ஓடவில்லை. இருபத்தெட்டு வருட அனுபவஸ்தர், ஒரு கால்சட்டையின் இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவைத்தார். "இதை யாருப்பா போடறது, கடல்கன்னியா?" என்று பக்கத்து மெஷின்காரர் சிரித்தார். டைலரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுக்குப் பேசினார்.

"வயசுப் பொண்ணைத் தனியா விட்டுட்டு எனக்கு எதுக்குங்க விசா?" என்றாள் மனைவி. "அன்னைக்குப் பிடிச்சுட்டுப் போனவனுங்க, உங்களைக் கேட்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்து கதவை இடிச்சுட்டுத்தான் போறானுங்க."

மகள் போனைப் பிடுங்கினாள். "அப்பா, நீங்க வாயைத் திறக்காதீங்க. அம்மாவும் தம்பியும் வரட்டும். நான் ஹாஸ்டல்ல சேர்ந்துக்கறேன். எனக்கென்னப்பா, சமாளிச்சுக்குவேன்."

"அவனுங்க வந்தா இப்ப என்னம்மா பண்ணுவீங்க?"

வாயாடி குரலைத் தாழ்த்தினாள்.

"கட்டிலுக்கு அடியில போயிடுவோம்பா. அம்மா என் கையைப் பிடிச்சுக்குவாங்க."

டைலர் முகத்தைத் துணிக் கட்டுக்குள் புதைத்துக்கொண்டு அழுதார். இடைவேளை முடிந்து மணி அடித்தது அவர் காதில் விழவேயில்லை.

தடுப்பூசி அட்டையை அனுப்பச் சொன்னார் டைலர். மனைவி எதுவும் கேட்காமல் தபாலில் அனுப்பிவைத்தாள். வக்கீலம்மா மனு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலில்லாத அறை, ஓர் அதிகாரி, அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். டைலருக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. கால்சட்டையில் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

"எதுக்காக ஒரு வயசு கூட்டினீங்கன்னு கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"சீக்கிரம் படிச்சு முடிச்சா, ஒரு வருஷம் முன்னாடியே சொந்தக் கால்ல நிப்பாளேன்னு ஆசைப்பட்டேங்க."

மொழிபெயர்ப்பாளர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதை அதிகாரிக்குச் சொன்னார். அதிகாரி தட்டச்சு செய்தார், ஒரு தாளை அச்செடுத்து நீட்டினார், நீளமாக ஏதோ பேசினார்.

"இதுல நீங்க கையெழுத்துப் போட்டா உங்க கேஸை மொதல்லேர்ந்து பார்ப்பாங்களாம். அது முடியற வரைக்கும் மூணு விசாவும் நிறுத்திவைப்பாங்க. எவ்வளவு நாளாகும்னு சொல்ல முடியாதாம். வேணாம்னா இப்பவே மனுவை வாபஸ் வாங்கிக்கலாம். உங்க மனைவியும் பையனும் அடுத்த மாசமே வந்துடலாம்."

டைலர் பேனாவை எடுத்தார். தாளில் கையெழுத்துப் போட்டார்.

"நிறுத்திவைக்கச் சொல்லுங்க" என்றார். "கட்டிலுக்கு அடியில அவளைத் தனியா விட முடியாதுங்க."