ஒரு விரல்கடை

மலாக்கா மாநிலத்தில் அசையாத பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு: செலண்டாருக்கு அப்பால், குப்பைமேட்டைச் சுற்றித் திலீபன் மேற்பார்வையில் எழும்பிய மண்கரை. போர்த்துக்கீசியன் கட்டிய கோட்டை வாசலுக்குக்கூட அதற்கு அடுத்த இடம்தான். இதைத் திலீபன் சிரிக்காமல் சொல்வான். கேட்பவர்களும் சிரிக்கக் கூடாது.

தொண்ணூற்றாறில் குப்பை கொட்ட இடம் போதவில்லை. சுற்றிலும் கரையை உயர்த்தினால் உள்ளே இன்னும் உயரமாக அடுக்கலாம் என்று முடிவானது. காலேஜ் முடித்த சூட்டோடு கான்ட்ராக்டரிடம் சேர்ந்த திலீபன், மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு உருட்டி, சரிவைச் சாய்வாக இழுத்துவிட்டு, உச்சியில் வரிசையாக முளைக்குச்சி அடித்தான். குப்பையின் பாரம் தள்ளி, மழையும் ஊறி, கரை நகர ஆரம்பித்தால் ஏதாவது ஒரு குச்சி வரிசையைவிட்டு வெளியே வரும். காலையில் நூல் பிடித்துப் பார்ப்பான். எல்லாம் நேராக நிற்கும்.

கரையடியில் எஸ்டேட் காலத்து முனியாண்டி கல் ஒன்று இருந்தது. புல்டோசர் ஓட்டும் தேவன் வேலை முடிந்ததும் அதன்முன் ஒரு சுருட்டைப் பற்றவைத்து வைத்து, கரை சரியக் கூடாதென்று வேண்டிக்கொள்வார்.

"அண்ணே, சரிவுக் கணக்குல முனியாண்டிய எங்க சேர்க்கிறது? தள்ளுற பக்கமா, தாங்குற பக்கமா?" என்று கேட்டான் திலீபன்.

"நீ கணக்குப் போடு தம்பி. நான் சுருட்டு வைக்கிறேன். கரை நிக்குதுலா?"

மண்ணைச் சோதிக்க மலாக்கா டவுனிலிருந்து ரோகினி வருவாள். இரும்புக் குழாயில் மண்ணெடுத்து, இரண்டு முனையிலும் மெழுகு ஊற்றி மூடி, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல வேனில் கிடத்துவாள். சிரித்தால் ஹெல்மெட் சரிந்து கண்ணை மறைக்கும். கரை முடிந்ததும் அவள் வேலையும் முடிந்தது. கடைசி நாள் வேனில் ஏறும்போது சொன்னாள்:

"கரை அசைஞ்சா ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. வந்து பார்க்கிறேன்."

"அசையாது," என்றான் திலீபன், பெருமையாக.

வேன் செம்பனைத் தோட்டத்துக்குள் மறைந்த பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று அவனுக்கு உறைத்தது.

ஒருமுறை வீட்டுக்கே போன் செய்தான். அவள் அப்பா கணேசலிங்கம் எடுத்து, ஆர் கதைக்கிறது, என்ன அலுவல் என்று கேட்டார். மண்ணின் ஈரம் சம்பந்தமாக என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. விடிந்ததும் ஓடிப்போய் நூல் பிடித்தான். குச்சிகள் அசெம்பிளியில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நின்றன. அவன் முகத்தைப் பார்த்த தேவன், எங்கேயாவது விரிசலா என்று பதறினார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றான், சாவு வீட்டிலிருந்து வந்தவன் போல.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு திலீபன் கரையடிக்கு இறங்கினான். சட்டைப் பையில் செலண்டார் கடையில் வாங்கிய சுருட்டு. பற்றவைக்கத் தெரியாமல் இருமித் தீர்த்தான். தேவன் வைத்த சுருட்டு கல்லின்முன் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தன்னுடையதை அதிலிருந்து தள்ளி வைத்தான். இரண்டு வேண்டுதலும் கலந்துவிடக் கூடாது.

சுற்றிப் பார்த்துவிட்டுக் கைகூப்பினான். யாருக்கும் எதுவும் ஆக வேண்டாம். ஒரே ஒரு குச்சி. ஒரு விரல்கடை போதும்.