பதினாலுக்குப் பதினாலு

"உங்களிட்ட ஒண்டு கேக்கோணும்," என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

"இப்ப கேக்காதேங்கோ," என்றாள் அருள்நாயகி. "அம்மா படுக்கையில. தங்கச்சி செலீனா இன்னும் பள்ளிக்கூடம் போறாள். நான் சொல்லேக்க கேளுங்கோ."

"நீங்கள் மறந்து போனியள் எண்டால்?"

"நான் மறக்கமாட்டன். கேக்க வந்ததை நீங்கள் மறக்காமல் இருந்தாச் சரி."

மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போன இடத்தில், தண்ணீர்க் குழாயடியில், இரண்டு வாளிகளுக்கு நடுவே நடந்த பேச்சு இது. சிலோன் ஸ்ரீலங்காவாகப் பெயர் மாறிய 1972ஆம் ஆண்டு.

கொன்ஸ்ரன்ரைன் சரி என்று ஒப்புக்கொண்டான்; ஒப்புக்கொண்டதைக் காப்பாற்றுகிற ஆள் அவன். அதுதான் சிக்கலாகிப் போனது. அவர்களுடைய ஊரான பேசாலையில் ரேடியோ திருத்துகிறவன் அவன் ஒருவன்தான். அதனால் அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்தான். ஏரியல் கட்டினான். அருள்நாயகியின் தாய் இறந்தபோது முற்றத்தில் விளக்குப் போட்டுக் கொடுத்தான். தேத்தண்ணி குடித்தான், மழையைப் பற்றிக் கதைத்தான், போனான். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை.

அது என்னவாக இருக்கும் என்பதில் அருள்நாயகிக்கு முதலில் சந்தேகமே இருக்கவில்லை. இரவு படுக்கும்போது நினைத்துப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள். காலம் போகப் போகத்தான் வேறு யோசனைகள் வந்தன. மடுவுக்குப் போன அந்த வருடம் அவன் கடை போட இடம் தேடித் திரிந்தவன் அல்லவா? ரோட்டுப் பக்கம் பார்த்த இவர்களுடைய முன்னறை அப்போது வெறுமையாகக் கிடந்தது. ஒருவேளை அதை வாடகைக்குக் கேட்கத்தான் வந்தானோ? செலீனாவின் கலியாணம் முடிந்து இரண்டு வருடமாகியும் அவள் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். 'இப்ப கேளுங்கோ' என்று தான் சொல்லி, 'அந்த அறை இனி வேண்டாம்' என்று அவன் சொல்லிவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்படியே எட்டு வருடம் போன பிறகுதான் செலீனாவின் புருசன் சிங்கராசா பஹ்ரைனில் இருந்து லீவில் வந்தான். சோப்பு, சேலை, டோர்ச் லைற் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெட்டி. அதை ரீவியில் கொழுவி விளையாடலாமாம். வீட்டில் ரீவி இல்லை. கலியாண வீடுகளுக்கு ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு விடுவது இப்போது கொன்ஸ்ரன்ரைனின் தொழிலாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு, இரண்டையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு அவன் வந்து சேர்ந்தான்.

ஜெனரேற்றர் வேப்பமரத்தடியில் உறுமத் தொடங்கியது. ரீவியைத் திண்ணையில் வைத்து வயரைக் கொழுவினார்கள்; அக்கம்பக்கத்துச் சனம் முற்றத்தில் கூடியது. கறுத்த திரையில் இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவே ஒரு புள்ளி.

"இவ்வளவும்தானோ?" என்றாள் செலீனா.

"இது பழசப்பா. அங்க இப்ப கடை கடையா வேற சாமான் வந்திட்டுது. கப்பல் பறக்கும், குண்டு போடும். அதால இதை மலிவா வித்தவங்கள்," என்றான் சிங்கராசா. "ஆனா எல்லாத்துக்கும் தொடக்கம் இதுதானாம். எழுபத்திரண்டில அமெரிக்காவில ஒரு சாராயக்கடையில இப்பிடி ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைச்சவங்களாம். காசு போட்டால் விளையாடலாம். கொஞ்ச நாளையால பெட்டி நிண்டு போச்சு. பழுதாக்கும் எண்டு வந்து திறந்து பார்த்தால் பழுது ஒண்டுமில்லை. காசு நிறைஞ்சு, இனிப் போட இடமில்லாமல் நிண்டிருக்குது."

"எந்த வருசம் எண்டனீங்கள்?" என்று கேட்டாள் அருள்நாயகி.

"எழுபத்திரண்டு, மச்சாள். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

கொன்ஸ்ரன்ரைன் ஏரியல் வயரின் நுனியைக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த நுனியையே மறுபடியும் துடைத்தான்.

முதல் ஆட்டம் செலீனாவுக்கும் சிங்கராசாவுக்கும். கையில் பிடிக்கும் குமிழைத் திருப்பினால் கோடு மேலும் கீழும் போகும். பந்தைத் தவறவிட்டால் மற்றவருக்கு ஒரு புள்ளி. முதலில் பதினைந்து எடுத்தவர் வென்றவர். அக்கா தங்கை இருவரின் தகப்பன் கிறகரி கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

"வெளியால போற பந்து எங்க போகுது?"

"எங்கையும் போகேல்ல மாமா. அங்கால இடமே இல்லை."

"இடமில்லாட்டி எங்கயிருந்து திரும்பி வருகுது?"

சிங்கராசா குமிழைத் திருப்பிக்கொண்டே சிரித்தான். அருள்நாயகிக்கு அந்தக் கேள்வி பிடித்துப் போயிற்று.

கிறகரி கரைவலைச் சம்மாட்டியாக, ஆள் வைத்து வலை இழுப்பிக்கிறவராக இருந்தவர். கரைவலையில் இரண்டு பக்கக் கயிறும் ஒன்றாகவே கரைக்கு வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் போய்விடும். திரையின் மேலே ஏழு, மூன்று என்று இலக்கம் விழுந்ததைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ராசா, நீர் முந்திப் போறீர். நில்லும். அவள் வரட்டும்."

"முந்தினால்தான் மாமா வெல்லலாம்."

"ஆரை வெல்லுறது? உம்மட மனிசியையோ?"

முற்றத்தில் நின்ற சனம் சிரித்தது. சிங்கராசா தலையில் கை வைத்தான். ஆனால் மாமனாரின் சொல்லைத் தட்ட முடியுமா? வேண்டுமென்றே நாலு பந்தைத் தவறவிட்டான். அதிலிருந்து அந்த வீட்டில் அதுவே சட்டமாயிற்று. இரண்டு கையும் சமமாக வர வேண்டும்.

"பஹ்ரைனில இதைச் சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான்," என்று எழும்பினான் சிங்கராசா. "என்ன கொன்ஸ்ரன்ரைன், நீர்தான் சாட்சி சொல்லோணும். தெரியுமோ மச்சாள், இவரும் வாற கிழமை என்னோட வாறார். விசாவும் வந்திட்டுது. கடையைத் தம்பிக்குக் குடுத்திட்டார்."

அருள்நாயகி தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே வைத்தாள்.

"போகத்தான் வேணுமோ?" என்றார் கிறகரி.

"நில்லெண்டு சொல்ல இந்தாளுக்கு ஊரில ஆர் இருக்கினம்?" என்று சிங்கராசா பகிடியாகக் கேட்டான்.



"அக்கா, நீயும் ஒருக்கால் பிடியன்," என்று செலீனா குமிழைத் தமக்கையின் கையில் திணித்தாள். மற்றதை சிங்கராசா கொன்ஸ்ரன்ரைனிடம் நீட்டினான்.

குமிழ்களின் வயர் குட்டை. அதனால் இரண்டு கதிரைகளையும் ஒட்டித்தான் போட வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அவனுக்கு இவ்வளவு கிட்ட இருந்ததில்லை. அவன் சட்டையில் ஈயம் உருக்கிய மணம் வந்தது. முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பது வசதியாக இருந்தது. இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. நாலுக்கு நாலு. அவள் தவறவிட்டால் அடுத்ததை அவன் விட்டான். கிறகரிக்குப் பரம திருப்தி. "இதுகள் ரெண்டும்தான் ஒழுங்கா இழுக்குதுகள்," என்றார்.

பதினாலுக்குப் பதினாலு வந்தது. இனி ஒரு பந்துதான். யார் விட்டாலும் ஆட்டம் முடியும். யாரும் விடவில்லை. பந்து அங்கும் இங்கும் போனது, திரும்பத் திரும்ப அடிபட அதன் வேகமும் கூடியது. பழுதில்லாமலே நின்று போன அந்தப் பெட்டியை அருள்நாயகி நினைத்தாள். அதைத் திறந்து பார்க்க ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. அவன் கேட்க வந்தது முன்னறைதான் என்றால் அதுவாகவே இருக்கட்டும். கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன?

"மடுவில கேக்க வந்ததை இப்ப கேளுங்கோ," என்றாள், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன?" ஜெனரேற்றர் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.

அவள் குரலை உயர்த்தினாள். "மடுவில. குழாயடியில. கேக்க வந்தனீங்கள் அல்லோ. இப்ப கேளுங்கோ."

செலீனா கணவனின் கையைப் பிடித்தாள். கொன்ஸ்ரன்ரைனின் குமிழ் திரும்பாமல் நின்றது. பந்து அவனுடைய கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று.

"பந்து போயிட்டுது," என்றார் கிறகரி கவலையோடு. "எங்க போச்சுதோ."

கொன்ஸ்ரன்ரைன் குமிழை மடியில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். அவனும் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. முற்றம் முழுவதற்கும் கேட்டது.

"உங்கட அப்பாவிட்ட வந்து உங்களைப் பொண் கேக்கலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனான். கேக்கலாமோ?"