செங்கேணி எழுதாத பரீட்சை

பத்தாம் வகுப்புக் கணக்கில் இருவரும் தோற்று, கல்யாணமும் ஆகிப்போன பிறகு, மறுபடி எழுதலாம் என்று கிளப்பிவிட்டவள் செங்கேணிதான். பாஸானால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாமாம். மலர்க்கொடிக்குக் கணக்கென்றாலே பயம். ஆனால் பள்ளிக்கூடம் முதல் களையெடுப்புவரை கூடவே வந்தவள் கூப்பிடும்போது எப்படி மறுப்பது?

உத்திரமேரூர் ஏரித் தண்ணீர் பாயும் வயலில் இருவருக்கும் வேலை. மதியச் சோறு முடிந்ததும் வரப்பு மண்ணில் செங்கேணி குச்சியால் எழுதுவாள். அன்று எழுதியது x² − 7x + 12 = 0.

"இதுக்கு மூலம் மூணும் நாலும். கூட்டுடி."

"ஏழு."

"நடுவுல கீதா? இப்ப பெருக்கு."

"பன்னண்டு... அது கடைசில கீது! இன்னாடி, மாயமா?"

"மாயம் இல்ல. (x − 3), (x − 4) ரெண்டையும் பெருக்கிப் பாரு. ரெண்டு மைனசும் கூடி நடுவுல நிக்கும். ஒண்ணோட ஒண்ணு பெருக்குனா ப்ளஸ்ஸாயி கடைசிக்குப் போவும். மூலம் இன்னான்னே தெரியலன்னாலும், அதுங்களோட கூடுதலும் பெருக்கலும் சொல்லிடலாம்."

மலர்க்கொடி குச்சியை வாங்கித் தானே பெருக்கினாள். சரியாக வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டிச் சிரித்தாள்.

மறுவாரம் ஒரு மத்தியானம் வானம் திடீரென்று கறுத்தது. மலர்க்கொடி டீ வாங்க ரோட்டுக்குப் போயிருந்தாள். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், உடனே இடி. ஓடிவந்து பார்த்தபோது செங்கேணி பயிருக்குள் குப்புறக் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் வயலிலேயே போய்விட்டது என்றார்கள்.

பரீட்சைக்குப் போவதில்லை என்று மலர்க்கொடி படுத்துக் கிடந்தாள். பரீட்சையன்று காலை செங்கேணியின் அம்மா அம்முலு வந்து எழுப்பினாள்.

"நீயாவது போயி எய்திட்டு வாம்மா. வூட்ல குந்திக்கினு அயுதா அவ வந்துடுவாளா?"

பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சு காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் செங்கேணியின் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நகர்ந்தார். வினாத்தாளில் x² − 9x + 5 = 0 என்று கொடுத்து, மூலங்களின் கூடுதலும் பெருக்கற்பலனும் கேட்டிருந்தார்கள். மூலங்கள் முழு எண்ணாக வராத கணக்கு. கூடுதல் 9, பெருக்கற்பலன் 5 என்று தயங்காமல் எழுதினாள். எழுதிய பிறகுதான் அழுகை வந்தது. தாள் நனையாமல் இருக்க முந்தானையைக் கண்ணில் அழுத்திக்கொண்டாள்.

மலர்க்கொடி பாஸானாள். சேதி சொல்லப் போனபோது அம்முலு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு எய்திருந்தா?"

"என்னிய விட நெறைய வாங்கியிருப்பா, பெரிம்மா."

அம்முலு முறத்தைக் கீழே வைத்தாள். மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.