நான் உங்க வக்கீல் இல்ல

லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கும் கம்பெனி எங்களுடையது. எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக் போக வேண்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. எங்கள் கம்பெனி வக்கீலுக்கு ஆபீஸில் 'கமா' என்று பட்டப்பெயர். 'கதவைத் தள்ளவும்' என்ற அறிவிப்பில்கூட எங்கேயாவது ஒரு காற்புள்ளி போடாமல் விடமாட்டார்.

ஒரு குடியிருப்பில் பிரேக் பிடிக்காமல் எங்கள் லிஃப்ட் சறுக்கி, உள்ளே இருந்த ஓவிய ஆசிரியைக்குக் கால் முறிந்தது. அந்த பிரேக் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் முன்பே என்னிடம் சொல்லியிருந்தான். நானும் அதை மேனேஜரிடம் சொன்னேன். "இப்ப ஆள் அனுப்பாதே, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்றார் அவர். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை. மேனேஜர், முதலாளியம்மாவின் சொந்தத் தம்பி.

விபத்துக்கு மறுநாள் அவர் தேனொழுகப் பேசினார்.

"வக்கீல் கூப்பிடுவாரு, போய்ப் பாரும்மா. நம்ம ஆளுதானே, பயப்படாதே. ஆள் அனுப்பாதது உன் முடிவுன்னு நீயே சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நானும் நம்பினேன். இத்தனை வருஷம் சோறு போட்ட இடம், கைவிட்டுவிடுமா?

வக்கீலின் அறை ஜன்னலுக்கு வெளியே கிடங்கில் இரும்புக் கம்பிவடம் சுருள் சுருளாகக் கிடந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "சார், அன்னிக்கு என்ன நடந்ததுன்னா…" என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா. நீங்க பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். நான் கம்பெனியோட வக்கீல். உங்க வக்கீல் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"இல்லம்மா. நீங்க இங்க சொல்றதை வெச்சு கம்பெனி உங்க மேலேயே பழி போடலாம். அப்ப என்னால தடுக்க முடியாது. உங்களுக்குன்னு ஒரு வக்கீலைக் கலந்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் எதுவும் கேக்கல."

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அழுதேன். அவளோ தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி அசடே! உன் தலையில கட்டப் பாத்ததை அந்த மனுஷன் தடுத்திருக்காரு. நீ என்னடான்னா அவர்மேல கோவிச்சுக்கிட்டு வந்து நிக்கறே!"

அக்காவின் நாத்தனார் வக்கீல். மறுநாள் அவளையே துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வக்கீலின் அறையை நெருங்கும்போதே மேனேஜரின் கத்தல் கேட்டது.

"நீ யார் பக்கம்யா?"

"கம்பெனி பக்கம்தான் சார். ஆனா, கம்பெனின்னா நீங்க மட்டும் இல்லையே."

மேனேஜர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். நான் உள்ளே போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மெக்கானிக்கும் ஆமாம் என்றான். வக்கீல் நேராக முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். அங்கே அவர் பேசியதைப் பிற்பாடு அந்த அம்மாவே என்னிடம் சொன்னார். வக்கீலின் வார்த்தைகள் இவை: "இதை வெளிய சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா. ஆனா உங்ககிட்ட மறைக்கவும் உரிமை இல்ல. இதே பிரேக் இருக்கற லிஃப்டையெல்லாம் இன்னிக்கே நிறுத்துங்க. முடியாதுன்னா வேற வக்கீலைப் பாத்துக்குங்க."

ஒரு பக்கம் கூடப்பிறந்த தம்பி, இன்னொரு பக்கம் முன்பின் தெரியாத ஜனங்கள். கடைசியில் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "எல்லா மெக்கானிக்கையும் அனுப்பு" என்றார்.

மாடிப்படி ஏறிய ஜனங்கள் போனில் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஆனால் ஒரு மருத்துவமனையில் பிரேக்கைக் கழற்றிய மெக்கானிக், "அக்கா, காகிதமாத் தேஞ்சிருக்கு. நல்லவேளை" என்றான்.

தப்பு எங்களுடையதுதான் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. ஓவிய ஆசிரியையின் வீட்டுக்கு முதலாளியம்மாவே போய் மன்னிப்புக் கேட்டார். தம்பியின் பதவி போயிற்று. என் வேலை நிலைத்தது.

வக்கீலிடம் போய், "சார், உங்களாலதான் நான் தப்பிச்சேன்" என்றேன்.

"நன்றியெல்லாம் வேணாம்மா. உங்களுக்காக நான் எதுவும் செய்யல. என் வேலையைத்தான் பாத்தேன்."

அது உண்மையாகவே இருக்கட்டும். முதல் நாள் அவர் என்னை எச்சரிக்காமல் இருந்திருந்தால், அவருக்கு எந்த வம்பும் வந்திருக்காது. நான்தான் என் வாயாலேயே கெட்டிருப்பேன்.

"சரி சார். ஆனா, கும்பிட எனக்கு உரிமை உண்டுல்ல?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "அதுக்குச் சட்டத்துல தடை இல்ல" என்றார்.

மனசாரக் கும்பிட்டேன். சாயங்காலம் இதைக் கேட்ட அக்கா, "மகராசன், நல்லா இருக்கட்டும்" என்றாள். வழியெல்லாம் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.